பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்றால் என்ன செய்வது?

கேள்வி கேட்டவர் சென்னையில் வேலை பார்க்கும் ஒரு தகப்பனார். ஒன்றரை வருடத்துக்கு முன் மனைவி மகளை அழைத்துக்கொண்டு மதுரையில் உள்ள தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். மகளுக்கு இப்போது ஏழு வயது, அங்கேயே பள்ளியில் படிக்கிறாள். விவாகரத்து வழக்கை இருவருமே இன்னும் போடவில்லை. முதலில் மாதம் ஒருமுறை பார்க்க விட்டார்கள். நான்கு மாதமாக அதுவும் நின்றுவிட்டது, போனையும் எடுப்பதில்லை. அவர் கேட்டது மூன்று விஷயம். ஐந்து வயது தாண்டிவிட்டால் பிள்ளை அப்பாவுக்குத்தான் என்று நண்பர் சொல்கிறாரே, உண்மையா? பார்க்கவே விடாதபோது பணம் எதற்கு அனுப்ப வேண்டும்? நேராகப் பள்ளிக்கே போய்க் கூட்டி வந்துவிட்டால் என்ன ஆகும்?

நான் குடும்ப வழக்குகளில் வக்கீலாக இருந்து, பிறகு சமரசப் பேச்சுகளையும் நடத்தி வருபவன். முதலில் மூன்றுக்கும் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். நண்பர் சொன்னது தவறு. பணத்தை நிறுத்தாதீர்கள். பள்ளிக்குப் போய்க் கூட்டி வரும் எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஐந்து வயது என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்றால், 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆவது பிரிவிலிருந்து. மைனர் பிள்ளையின் இயற்கைக் காப்பாளர் அப்பா, அவருக்குப் பிறகு அம்மா என்று அது சொல்கிறது. கூடவே, ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இதைத் திருப்பிப் போட்டு, அப்படியானால் ஐந்து முடிந்த மறுநாள் பிள்ளை அப்பாவிடம் வந்துவிட வேண்டும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு, பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்று தெளிவாக வைத்திருக்கிறது. ‘அப்பாவுக்குப் பிறகு’ என்பதற்கு ‘அப்பா செத்த பிறகு’ என்று அர்த்தமில்லை, அவர் இல்லாத அல்லது கவனிக்காத நிலையிலும் அம்மாவே காப்பாளர் என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கம் சொல்லிவிட்டது. ஆக, வயதுக் கணக்கை வைத்து ஜெயிக்கும் வழக்கு இல்லை இது.

இந்து அல்லாத குடும்பங்களிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஹனஃபி என்ற சட்டப் பிரிவைப் பின்பற்றும் முஸ்லிம்களுக்கு மகன் ஏழு வயது வரையும், மகள் பருவமடையும் வரையும் அம்மாவிடம் என்ற மரபு உண்டு. கிறிஸ்தவர்களின் விவாகரத்து வழக்கில் 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கஸ்டடி, அதாவது பிள்ளையைத் தன்னிடம் வைத்து வளர்க்கும் உரிமை, கேட்கலாம். ஆனால் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் எல்லோருக்கும் பொது. எந்த மதமானாலும் நீதிபதி கடைசியில் கேட்பது, இந்தப் பிள்ளைக்கு எது நல்லது என்பதைத்தான்.

1973-இல் ரோஸி ஜேக்கப் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று அதில் சொன்னதை இன்றைக்கும் வக்கீல்கள் வாதத்தில் எடுத்து வைக்கிறார்கள். அது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை. உங்கள் மனுவைப் படிக்கும் நீதிபதி என்ன தேடுவார் என்பதை அது சொல்கிறது. காலையில் பிள்ளையை எழுப்பிப் பல் தேய்க்க வைப்பது யார், தலை பின்னிவிடுவது யார், மாலை நாலு மணிக்குப் பள்ளி விட்டால் வீட்டில் யார் இருப்பார்கள், காய்ச்சல் வந்தால் லீவு போடக்கூடியவர் யார், இப்போதுள்ள பள்ளியில் அவளுக்குத் தோழிகள் உண்டா? சம்பளச் சீட்டும் சொந்த வீட்டுப் பத்திரமும் இதற்கெல்லாம் பிறகுதான். மனைவியைவிட நான் நாலு மடங்கு சம்பாதிக்கிறேன் என்று மனுவில் எழுதினால், அப்படியானால் பிள்ளைக்கு மாதாமாதம் அதற்கேற்ப அனுப்புங்கள் என்றுதான் பதில் வரும்.

அதனால் இதை வெளிப்படையாகவே சொல்கிறேன். ஒன்றரை வருடமாக அம்மாவோடும் அம்மாச்சியோடும் மதுரையில் நிலைபெற்றுவிட்ட ஏழு வயதுப் பெண் குழந்தையை, முழுநேர வேலையில் இருக்கும் அப்பாவிடம் சென்னைக்கு மாற்ற வேண்டுமானால் மிக வலுவான காரணம் வேண்டும். அம்மாவிடம் பிள்ளைக்கு ஆபத்து, படிப்பே கெட்டுப்போகிறது, கவனிக்க ஆளே இல்லை என்பது போன்ற காரணம். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. முழுக் கஸ்டடியை வாங்கித் தந்துவிடுகிறேன் என்று முதல் சந்திப்பிலேயே உறுதி சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஆனால் உங்களுக்கு உறுதியாகக் கிடைக்கக்கூடிய ஒன்று இருக்கிறது. மகளோடு முறையாக, தவறாமல், போதுமான நேரம் இருப்பது. 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்கள் நிலைமைக்கு அப்படியே பொருந்தும். கஸ்டடி ஒருவரிடம் இருந்தாலும், மற்றவரின் அன்பையும் பிள்ளை இழக்கக் கூடாது. பார்க்கும் உரிமையை அடியோடு மறுப்பது மிக அரிதான சூழ்நிலையில் மட்டும்தான். வெவ்வேறு ஊரில் இருந்தால் போனிலும் வீடியோ காலிலும் பேசும் உரிமையும் உண்டு.

இத்தனை காலத்தில் எனக்கு உறுதிப்பட்ட ஒரு விஷயம்: பிள்ளை யாருக்கு என்ற கேள்வியில் நிற்கும்வரை எந்த வழக்கும் நகர்வதில்லை. எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம், யார் கொண்டுவந்து விடுவது என்று பேச ஆரம்பித்த அன்றைக்குத்தான் இருவரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். கஸ்டடி என்பது கௌரவப் பிரச்சினை, அதில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சனிக்கிழமை பத்து மணியா பதினொன்றா என்பதில் விட்டுக்கொடுக்கலாம்.

பள்ளியிலிருந்து கூட்டி வருவது பற்றி. பெற்ற அப்பா தன் பிள்ளையைக் கூட்டிப் போனால் அதைக் கடத்தல் என்று வழக்குப் போடப் போலீஸ் பெரும்பாலும் தயங்கும், குடும்ப விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்பார்கள். அந்தத் தைரியத்தில்தான் பலர் இதைச் செய்கிறார்கள். அப்புறம் நடப்பதை யாரும் யோசிப்பதில்லை. உங்கள் மனைவி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம், பிள்ளையை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி உத்தரவு வரலாம். அதைவிட, உங்கள் கஸ்டடி மனு எப்போது விசாரணைக்கு வந்தாலும், எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக் காட்டப்போவது இந்த ஒரு நாளைத்தான். எல்லாவற்றுக்கும் மேல் அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். நாலு மாதமாகப் பார்க்காத அப்பா திடீரென்று பள்ளி வாசலில் வந்து நிற்கிறார், ராத்திரி வேறு ஊரில் தூங்கவைக்கிறார், அம்மா எங்கே என்றால் பதில் இல்லை. அதன்பிறகு அவள் ஒவ்வொரு நாளும் பள்ளி விடும் நேரத்தில் பயப்படுவாள். உங்கள் மனைவி மட்டும் அப்படித்தானே அழைத்துப் போனார் என்று நீங்கள் கேட்கலாம். கோபம் நியாயமானதுதான். ஆனால் அதே காரியத்தை இரண்டாவது முறை அனுபவிக்கப்போவது மனைவி அல்ல, மகள்.

பணம் பற்றி. பராமரிப்புத் தொகையும் பார்க்கும் உரிமையும் ஒன்றுக்கொன்று ஈடு அல்ல. பார்க்க விடவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்தவும் முடியாது, பணம் வரவில்லை என்பதற்காகப் பார்க்க விடாமல் இருக்கவும் முடியாது. இந்த இரண்டாவது பாதியை அம்மாக்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ரொக்கமாகவோ மச்சான் கையிலோ கொடுக்காதீர்கள், வங்கிக் கணக்கில் போடுங்கள், குறிப்பில் ‘ஜூன் மாதச் செலவு’, ‘பள்ளிக் கட்டணம்’ என்று எழுதுங்கள். வழக்கு என்று வந்துவிட்டால், 2020-இல் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். அப்போது, யாரும் கேட்காமலே நான் அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன் என்று காட்டும் வங்கிக் கணக்குப் புத்தகம் எந்த வாதத்தையும்விடப் பேசும்.

உங்கள் கேள்வியில் ஒரு விஷயம் இல்லவே இல்லை. நான்கு மாதத்துக்கு முன்வரை மகளை உங்களோடு அனுப்பிக்கொண்டிருந்த உங்கள் மனைவி ஏன் திடீரென்று நிறுத்தினார்? ‘சும்மா, பழிவாங்கத்தான்’ என்று நீங்கள் சொல்லக்கூடும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பெரும்பாலான நேரங்களில் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட சம்பவத்தில் போய் அது நிற்கும்.

ஒரு சமரசப் பேச்சில் இப்படித்தான் நடந்தது. அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். அப்பா, ‘ஆறு மாசமா புள்ளையக் கண்ணுல காட்டல’ என்று கத்திக்கொண்டே இருந்தார். அந்த அம்மா வாயே திறக்கவில்லை. தனியாக உட்கார வைத்துக் கேட்டபோது சொன்னார். ‘சாயந்திரம் ஆறு மணிக்குக் கொண்டாந்து விடறேன்னு கூட்டிட்டுப் போனாரு. ஒன்பதரைக்குத்தான் வந்தாரு. போன் ஸ்விட்ச் ஆஃப். ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் என் தம்பிய அனுப்பித் தேடச் சொன்னேன். இனிமே எப்படி அனுப்புவேன்?’ இதை அவரிடம் கேட்டோம். அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம். கடற்கரைக்குக் கூட்டிப் போயிருக்கிறார், பிள்ளை அலையை விட்டு வர மாட்டேன் என்றிருக்கிறது, போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அவரைப் பொறுத்தவரை அது பிள்ளையோடு கழித்த மிகச் சந்தோஷமான நாள். அந்த மூன்றரை மணி நேரம் எதிர்ப்பக்கத்தில் எப்படிக் கழிந்தது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அன்று எழுதிய உடன்பாட்டில் முதல் வரியே, அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தகவல் சொல்ல வேண்டும், கூட வருபவர் ஒருவரின் எண்ணையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்பதுதான்.

அதனால் உங்களைக் கேட்கிறேன், நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாகப் பார்த்த அன்று என்ன நடந்தது? தாமதமாகக் கொண்டுவந்து விட்டீர்களா? குடித்திருந்தீர்களா? உங்கள் அம்மா பிள்ளையிடம், ‘உங்கம்மாதான் குடும்பத்தப் பிரிச்சா’ என்று ஏதாவது சொன்னாரா? பிள்ளை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லும். ஏழு வயதுப் பிள்ளை ஒரு வார்த்தை விடாமல் சொல்லும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடி உதை இருந்த வீட்டில், பிள்ளையிடம் தகாத முறையில் நடந்துகொண்ட சந்தேகம் இருக்கும் இடத்தில், விட்டுக்கொடுத்துப் போங்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவில், மாஜிஸ்திரேட் தற்காலிகமாகப் பிள்ளையை அம்மாவிடம் ஒப்படைக்கலாம், அப்பாவின் சந்திப்பு பிள்ளைக்குக் கெடுதல் என்று தோன்றினால் அதை மறுக்கவும் செய்யலாம். அந்த நிலையில் இருக்கும் அம்மாக்கள் 181 என்ற எண்ணிலும், பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098-லும் உதவி கேட்கலாம். அதே சமயம், சந்திப்பைத் தடுப்பதற்காக மட்டும் அப்பா மீது பாலியல் புகார் கொடுக்கும்படி யாராவது யோசனை சொன்னால் அவர்களைக் கிட்டே சேர்க்காதீர்கள். அந்தப் பொய்யைப் பிள்ளை போலீஸிடமும் டாக்டரிடமும் நீதிபதியிடமும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு குழந்தைக்கு அதைவிடப் பெரிய கொடுமையை நான் பார்த்ததில்லை.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் ஒரு செய்தி அனுப்புங்கள். நீங்கள் வாட்ஸ்அப்பில் எழுதும் ஒவ்வொரு வரியையும் நாளைக்கு நீதிபதி படிக்கலாம் என்பதை மனதில் வைத்து எழுதுங்கள். ஏறக்குறைய இப்படி: ‘பாப்பாவப் பாத்து நாலு மாசம் ஆச்சு. போன தடவை என்னால உனக்கு ஏதாவது சங்கடம் வந்திருந்தா சொல்லு, சரி பண்ணிக்கிறேன். வர்ற ரெண்டாவது சனிக்கிழமை மதுரைக்கு வர்றேன். காலைல பத்துல இருந்து ஒரு மணி வரைக்கும் வீட்டுப் பக்கத்துப் பார்க்ல பாக்குறேன். உங்கம்மாவோ தம்பியோ கூட இருந்தாலும் பரவாயில்ல. ஸ்கூல் பீஸ் எவ்வளவுன்னு சொல்லு, கட்டிடறேன்.’ இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, ஆனால் தேதி, நேரம், இடம் மூன்றும் இருக்கின்றன. பதில் வராவிட்டாலும், அந்தச் சனிக்கிழமை போய் வாருங்கள். போனதற்கு டிக்கெட் இருக்கும்.

பெரியவர்களை வைத்துப் பேசுவது நல்லதா என்று பலர் கேட்பார்கள். இரு தரப்பும் மதிக்கிற ஒருவர் இருந்தால் நல்லது, எட்டுப் பேர் வேன் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுவது கெடுதல். அந்தக் கூட்டத்தில் பழைய நகைக் கணக்கும் கல்யாணச் செலவும்தான் பேசப்படும், பிள்ளையின் பெயரே வராது.

இதுவும், கடைசியில் நான் சொல்லும் வழக்குக்கு முந்தைய சமரசமும் பலிக்கவில்லை என்றால் நீதிமன்றத்தில் மனு. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆவது பிரிவுப்படி, பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம். ஆகவே உங்கள் மனு மதுரைக் குடும்ப நல நீதிமன்றத்தில். சென்னையில் போட்டால் அதிகார வரம்பு பற்றியே சண்டை போட்டு ஒரு வருடத்தைத் தொலைப்பீர்கள். நாளைக்கு விவாகரத்து வழக்கு வந்துவிட்டால், இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவில் அந்த வழக்கிலேயே பிள்ளை பற்றிய உத்தரவையும் கேட்கலாம். பிரதான மனுவோடு சேர்த்து, இடைக்காலமாகப் பார்க்க அனுமதி கேட்டு ஐ.ஏ. எனப்படும் இடைக்கால மனு ஒன்றையும் கட்டாயம் போடுங்கள். பிரதான மனு முடிய வருடங்கள் ஆகும், உங்கள் மகளை நீங்கள் பார்க்கப்போவது அந்த ஐ.ஏ.வில்தான். அதில், ‘பார்க்கும் உரிமை வழங்க வேண்டும்’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். பள்ளியின் வருட காலண்டர், உங்கள் அலுவலக லீவுப் பட்டியல், நீங்கள் கேட்கும் தேதிகளின் அட்டவணை மூன்றையும் இணைத்துக் கொடுங்கள். நூறு வழக்குக் கட்டுக்கு நடுவில், தயாராக எழுதிக் கொடுத்த அட்டவணை நீதிபதிக்குப் பெரிய உதவி.

நீதிமன்றம் உங்களைக் கவுன்சலிங்குக்கும் சமரசத்துக்கும் அனுப்பும். 1984-ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 9-ஆவது பிரிவே சமரசத்துக்கு முயற்சி செய்வதை நீதிமன்றத்தின் கடமை ஆக்குகிறது. தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 2005-லேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கிவிட்டார்கள், இப்போது மாவட்டங்களிலும் இருக்கிறது. அங்கே பேசியது வெளியே போகாது, வழக்கில் சாட்சியாகவும் வராது. அதனால் அங்கே மனம்விட்டுப் பேசலாம். வாய்தாவை ஒப்பேற்றுவதற்காக மட்டும் போய் உட்கார்ந்துவிட்டு வராதீர்கள். விசாரணையை மற்றவர்கள் முன்னால் நடத்த வேண்டாம் என்று நினைத்தால், இருவரில் ஒருவர் கேட்டாலே நீதிமன்றம் தனி அறையில் நடத்த வேண்டும்.

உடன்பாடு எழுதும்போதுதான் கவனம் முழுவதும் வேண்டும். ‘தந்தை நியாயமான நேரங்களில் குழந்தையைப் பார்க்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட எத்தனையோ உடன்பாடுகள் மூன்றே மாதத்தில் திரும்பி வந்திருக்கின்றன. யாருக்கு எது நியாயம்? உங்கள் விஷயத்தில் நான் எழுதினால் இப்படி எழுதுவேன். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை காலை 10 மணிக்கு, அம்மா வீட்டு வாசலில், அம்மாச்சியோ தாய்மாமனோ பிள்ளையை ஒப்படைக்க வேண்டும், ஞாயிறு மாலை 5 மணிக்கு அதே இடத்தில் அப்பா திரும்ப விட வேண்டும். முதல் மூன்று மாதம் பகலில் மட்டும், அதன்பிறகு இரவு தங்கலாம், மதுரையில் எங்கே தங்குகிறார் என்ற முகவரியை முன்கூட்டியே தர வேண்டும். பள்ளித் தேர்வோ காய்ச்சலோ வந்து ஒரு சனிக்கிழமை தவறினால் அடுத்த சனிக்கிழமை அது ஈடு செய்யப்படும். புதன், ஞாயிறு இரவு 7.30-க்கு வீடியோ கால், பதினைந்து நிமிடம், பக்கத்தில் நின்று யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

இதில் உங்கள் பக்கம் இருக்கும் சிரமத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் சனி விடியற்காலை மதுரை. ஆனால் ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது, திறந்த வேகத்தில் தீர்ந்தும் விடுகிறது. கடைசி நேரத்தில் தேதியை மாற்றிக்கொண்டே இருந்தால் உங்களால் வர முடியாது. ‘தேதியை மாற்ற வேண்டுமானால் பத்து நாளைக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்தால் இந்தத் தகராறு முளையிலேயே போய்விடும்.

பண்டிகையை விட்டுவிடாதீர்கள். ஒரு வருடம் தீபாவளி அம்மாவிடம், பொங்கல் அப்பாவிடம், அடுத்த வருடம் மாற்றி. கோடை விடுமுறையில் பாதி, காலாண்டு விடுமுறையில் சில நாள். பிறந்தநாளில் பள்ளி இருந்தால் மாலை இரண்டு மணி நேரம். அப்புறம் நம் குடும்பங்களுக்கே உரிய சடங்குகள். காதுகுத்து பல வீடுகளில் அப்பா வழிக் குலதெய்வம் கோயிலில் நடக்கும், ஆனால் பிள்ளை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில். நாளைக்கு அவள் பெரியவளானால் சடங்கு எந்த வீட்டில், தாய்மாமன் சீர் எப்படி, பத்திரிகையில் யார் பெயர் என்று ஒரு பூகம்பமே வரும். இரண்டு பக்கமும் வராமல் நம் ஊரில் எந்த விசேஷமும் நிறையாது. ‘இப்படிப்பட்ட விசேஷங்களை இருவரும் கலந்து பேசியே வைக்க வேண்டும், இரு தரப்புக்கும் அழைப்பு உண்டு’ என்று ஒரு வரி எழுதி வையுங்கள். எனக்குத் தெரிந்து கஸ்டடி உத்தரவால் ஓய்ந்துபோன சண்டைகளை மறுபடி கிளப்பியவற்றில் இந்த விசேஷங்களுக்குத் தனி இடம் உண்டு.

இன்னும் சில: பள்ளிப் பதிவில் இருவர் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும், மார்க் ஷீட்டும் பெற்றோர் கூட்டத் தகவலும் இருவருக்கும் வர வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் உடனே சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும், வெளிநாடு அழைத்துப்போக எழுத்து மூலமான சம்மதம் வேண்டுமா என்பதையும் எழுதுங்கள். உங்களில் ஒருவருக்கு வெளிநாட்டு வேலை வாய்ப்பு இருந்தால் இது சாதாரண வரி இல்லை. எல்லை தாண்டிக் கொண்டுபோகப்பட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்புவது பற்றிய 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. இலங்கையும் சிங்கப்பூரும் சேர்ந்திருக்கின்றன. பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோன பிறகு, அல்லது அங்கிருந்து இங்கே கொண்டுவந்த பிறகு, சட்டப் போராட்டம் பலமடங்கு கடினம்.

இவ்வளவையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, அதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து உத்தரவாக வாங்குங்கள். இருவரும் சம்மதித்துப் பெற்ற உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. பத்திரத்தாளில் எழுதி நோட்டரி முத்திரை குத்திய காகிதம், தகராறு வந்தால் உங்களுக்கு அதிகம் கைகொடுக்காது.

முதல் சந்திப்புகள் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அப்பாக்கள் மனமுடைந்து விலகிப்போவது அங்கேதான். ஆரம்பத்தில் நீதிமன்ற வளாகத்தில் பிள்ளைகளுக்கான அறையில்தான் பார்க்கச் சொல்வார்கள். அப்பா பெரிய பொம்மையோடும் கேக்கோடும் வருவார். பிள்ளை அம்மாச்சி மடியை விட்டு இறங்காது. நீட்டிய சாக்லேட்டை வாங்கும் முன் அம்மா முகத்தைப் பார்க்கும். ‘பாத்தீங்களா சார், சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்காங்க’ என்று அப்பா அங்கேயே வெடிப்பார். பிள்ளை இன்னும் ஒடுங்கும். பல நேரம் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். இருவரில் யாரையும் புண்படுத்திவிடக் கூடாது என்று அந்தப் பிஞ்சு தானாகவே கற்றுக்கொண்டது அது. பொம்மை வேண்டாம். அவளுடைய வீட்டுப்பாட நோட்டையும் ஒரு கலர் பென்சில் பெட்டியையும் வைத்து, பக்கத்தில் தரையில் உட்காருங்கள். அம்மா எப்படி இருக்காங்க என்று சாதாரணமாகக் கேளுங்கள். உங்கள் வாயிலிருந்து அம்மா பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்தால், உங்களிடம் சிரிப்பது தப்பில்லை என்று அவளுக்குப் புரியும்.

‘எனக்கு அப்பா வேண்டாம்’ என்று பிள்ளையே நீதிபதியிடம் சொல்லிவிட்டால்? விவரம் தெரிந்த வயதில் பிள்ளையின் விருப்பத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்று 1890 சட்டமே சொல்கிறது, நீதிபதி தன் அறையில் தனியாக அழைத்துப் பேசுவார். ஆனால் அது ஒன்றே முடிவல்ல. 2017-இல் விவேக் சிங் வழக்கில், அம்மாவைப் பிரிந்து அப்பாவிடமே வளர்ந்த மகள் அப்பாவைத்தான் விரும்பினாள். அம்மாவோடு வாழ்ந்து பார்க்கும் வாய்ப்பே கிடைக்காத பிள்ளையின் அந்த விருப்பத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் மகளை அம்மாவிடம் அனுப்பியது. இது உங்கள் இருவருக்கும் பொருந்தும். பிள்ளையை மற்றவருக்கு எதிராகத் திருப்புபவர் கஸ்டடியையே இழக்கலாம். உங்கள் மனைவியின் வக்கீலும் அவரிடம் இதைச் சொல்லியிருந்தால் நல்லது.

உத்தரவு வந்த பிறகும் அனுப்பவில்லை என்றால், வாசலில் நின்று சத்தம் போடாதீர்கள். சொன்ன நேரத்துக்குப் போங்கள், வந்துவிட்டேன் என்று செய்தி அனுப்புங்கள், அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்புங்கள். இரண்டு மூன்று முறை இப்படி ஆனால், உத்தரவை நிறைவேற்றித் தரச் சொல்லும் நிறைவேற்று மனு போடலாம், வேண்டுமென்றே மீறினால் நீதிமன்ற அவமதிப்புக்கும் போகலாம். பெரும்பாலும் முதல் நோட்டீஸிலேயே கதவு திறந்துவிடும்.

இன்று ஏழு வயதுக்கு எழுதும் அட்டவணை பன்னிரண்டு வயதுக்குச் சரிவராது. அப்போது அவளுக்கு டியூஷன் இருக்கும், தோழிகள் இருப்பார்கள், சில சனிக்கிழமை உங்களைவிடத் தோழியின் பிறந்தநாள் முக்கியமாக இருக்கும். கஸ்டடி உத்தரவு எதுவும் கடைசி உத்தரவு அல்ல, சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்கலாம் என்பதும் ரோஸி ஜேக்கப் தீர்ப்பிலேயே இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இருவரும் உட்கார்ந்து அட்டவணையைத் திருத்த வேண்டும் என்று உடன்பாட்டிலேயே எழுதி வைத்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் வழக்குப் போட வேண்டியிருக்காது.

வக்கீல் செலவுக்கு வழியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே சட்ட உதவி இலவசம், ஆண்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. வழக்குப் போடும் முன்பே சமரசத்துக்கு ஏற்பாடு செய்யச் சொல்லியும் அங்கே மனு கொடுக்கலாம். மதுரை மாவட்ட ஆணைக்குழுவில் அப்படி ஒரு மனுவைக் கொடுப்பதுதான், உங்கள் செய்திக்குப் பதில் வராவிட்டால் நீங்கள் எடுத்து வைக்க வேண்டிய அடுத்த அடி.